வாசகசாலைப் பலகையில் தேர்தல் முடிவுகள்

பவள விழா மலருக்கு வாசகசாலையின் வரலாற்றை எழுத வேண்டும் என்று நிர்வாகக் குழு கேட்டது. நூல்களைப் பற்றியும், இடம் தந்தவர்களைப் பற்றியும், மாலைநேர வகுப்புகளைப் பற்றியும் மற்ற அன்பர்கள் எழுதுகிறார்கள். நான் வாசல் பலகையை எடுத்துக்கொண்டேன். அன்றாடம் அதில் ஒரு குறளும் நாலைந்து தலைப்புச் செய்திகளும் இருக்கும். போகிறவர்கள் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவார்கள். ஓட்டு எண்ணும் நாளில் மட்டும் அந்தப் பலகைக்கு முன்னால் ஊரே நிற்கும். வாசகசாலையில் ஒரு நாளும் காலெடுத்து வைக்காதவர்கூட அன்று வந்து நிற்பார். நம் வாசகசாலை ஊருக்குப் பொதுவானது என்பதை நாம் விதிமுறைப் புத்தகத்தில் எழுதி நிலைநாட்டவில்லை, அந்த நாட்களில்தான் நிலைநாட்டினோம் என்பது என் எண்ணம்.

முதல் பொதுத் தேர்தல் நடந்த 1952-இல் சென்னை மாகாணம் இன்றைய வடிவத்தில் இல்லை. ஆந்திரமும் மலபாரும் அதில் சேர்ந்திருந்தன. சட்டமன்றத்தில் 375 இடங்கள். பக்கத்தில் இருக்கும் செங்கோட்டையோ திருவிதாங்கூர்–கொச்சி ராஜ்யத்தைச் சேர்ந்தது. சம்பந்தி வீட்டார் ஒரு சட்டமன்றத்துக்கும் நாம் வேறொரு சட்டமன்றத்துக்கும் வாக்களித்த காலம் அது. 1956 நவம்பர் 1-க்குப் பிறகுதான் செங்கோட்டைத் தேர்தல் நமக்கும் சொந்தத் தேர்தல் ஆனது.

அன்றைய வாக்களிப்பு முறையை இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் வியக்கிறார்கள். சீட்டில் முத்திரை குத்தும் வழக்கம் அப்போது கிடையாது. ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஓர் இரும்புப் பெட்டி. பெட்டியின்மேல் அவருடைய சின்னம். வாக்காளர் மறைப்புக்குள் போய், ஒரு ரூபாய் நோட்டு அளவில் இருந்த சீட்டைத் தனக்கு வேண்டிய சின்னம் ஒட்டிய பெட்டியில் போட்டுவிட்டு வருவார். ஆகவே ஓட்டு எண்ணும் இடத்துக்குப் பெட்டி வந்து சேரும்போதே ஓட்டுகள் ஆள்வாரியாகப் பிரிந்திருக்கும். பெட்டியைத் திறந்து சீட்டுகளை எண்ண வேண்டியதுதான் மிச்சம். இரட்டை உறுப்பினர் தொகுதிகளில் ஆளுக்கு இரண்டு சீட்டு என்பதால் கொஞ்சம் குழப்பம் இருந்தது. மற்றபடி எளிய கணக்கு. முடிவுதான் எளிதாக அமையவில்லை. காங்கிரசுக்கு 152 இடங்களே கிடைத்தன, பெரும்பான்மை இல்லை. யார் ஆட்சி அமைப்பார்கள் என்ற பேச்சு வாரக்கணக்கில் நீண்டு, ராஜாஜி முதலமைச்சரானதில் முடிந்தது. இடங்களைக் கூட்டிப் பார்த்து ஆட்சியைக் கணிக்கும் பழக்கம் நம் ஊர்த் திண்ணைகளுக்கு அப்போதே வந்துவிட்டது.

1962-இல் முத்திரை முறை வந்தது. எல்லா வேட்பாளர்களின் பெயரும் சின்னமும் ஒரே சீட்டில், பெட்டியும் ஒன்றே. அந்தத் தேர்தலில் தி.மு.க. 50 இடங்களைப் பிடித்தது. ஆனால் அண்ணா காஞ்சிபுரத்தில் தோற்றார். கட்சி வளர்கிறது, தலைவர் தோற்கிறார் என்பதை எப்படிப் புரிந்துகொள்வது என்று பலகை முன்னால் விடிய விடிய வாதம் நடந்ததாக மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

பலகைக்குரிய மூன்று வழக்கங்கள் அந்தக் காலத்தில் ஏற்பட்டவை. தேர்தல் அதிகாரி அறிவித்த முடிவை மட்டுமே எழுதுவது. வெள்ளைச் சாக்பீஸ் தவிர வேறு நிறம் தொடாமல் இருப்பது. எழுதுகிறவர் அன்றைக்குக் கட்சித் துண்டோ கரைவேட்டியோ இல்லாமல் வருவது. முதல் செயலாளர் காங்கிரஸ்காரர், துணைச் செயலாளர் கழகத்துக்காரர், புத்தகங்களுக்கு அட்டை போட்டுக் கொடுத்த தோழர் கம்யூனிஸ்ட். மூவருக்கும் பொதுவாக ஓர் ஏற்பாடு வேண்டியிருந்தது. நல்ல நிறுவனங்கள் இப்படித்தான் உருவாகின்றன: கருத்து ஒன்றாக இல்லாதவர்கள் சேர்ந்து ஒரு காரியம் செய்தாக வேண்டிய கட்டாயத்தில்.

1967 பிப்ரவரி பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மாநிலத்தின் பெயர் இன்னும் சென்னைதான். இடங்கள் 234 ஆகியிருந்தன. வாசகசாலையில் அப்போது ஒரு வால்வு ரேடியோ இருந்தது. திருநெல்வேலி வானொலி நிலையம் 1963-இல் தொடங்கியதிலிருந்து நம் பக்கத்தில் செய்தி தெளிவாகக் கேட்டது. ஜன்னலில் குழாய் ஒலிபெருக்கியைக் கட்டி, தெருவுக்குக் கேட்கும்படி வைத்துவிடுவார்கள். செய்தி நேரம் முடிந்ததும் ரேடியோவில் பாட்டு. அடுத்த அறிக்கை வரைக்கும் காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளியை நிரப்பியது பஸ். எண்ணிக்கை நடக்கும் ஊரிலிருந்து வரும் ஒவ்வொரு பஸ்ஸையும் இருபது முப்பது பேர் மறித்துக்கொள்வார்கள். கண்டக்டர் படியில் நின்றபடியே கேள்விப்பட்டதைச் சொல்வார். அதைப் பலகையில் எழுத முடியாது. ஆனால் ஊர் முழுக்கப் பரவிவிடும்.

பெருந்தலைவர் காமராஜர் விருதுநகரில் மாணவர் தலைவர் பெ. சீனிவாசனிடம் 1,285 வாக்குகளில் தோற்றார் என்பதை முதலில் அப்படித்தான் கேட்டார்கள். யாரும் நம்பவில்லை. கண்டக்டரைத் திட்டியவர்களும் உண்டாம். பிறகு ரேடியோவும் அதையே சொன்னது. பலகையில் எழுத வேண்டிய முறை அன்றைக்கு முதல் செயலாளருடையது. அவரே எழுதினார், வாக்கு வித்தியாசத்தோடு. கழகத்துக்காரர்கள் பட்டாசுக் கட்டோடு நின்றிருந்தார்கள். வாசகசாலை வாசலில் வெடிக்காமல் பஸ் நிலையம் வரை போய் வெடித்தார்கள். அது வாசகசாலைக்குத் தந்த மரியாதையா, தோற்றவருக்குத் தந்த மரியாதையா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. காமராஜர் தோல்விக்காக அண்ணாவே வருந்தினார் என்பது பலரும் பதிவு செய்த செய்தி. நம் தெருவிலும் அந்த மனம் இருந்தது.

முதலமைச்சர் பக்தவத்சலம் திருப்பெரும்புதூரில் தோற்றார். பெரும்பாலான அமைச்சர்களும் தோற்றார்கள். குண்டடிபட்டு மருத்துவமனையில் இருந்த எம்.ஜி.ஆர். பரங்கிமலையில் வென்றார். ஒவ்வொரு பெயராக எழுத எழுதப் பலகையில் இடம் போதாமல் போனது. பள்ளிக்கூடத்திலிருந்து இன்னொரு கரும்பலகையைத் தூக்கி வந்து சுவரில் சாய்த்தார்கள். அந்த இரண்டாவது பலகை இன்றுவரை நம்மிடம்தான் இருக்கிறது. பள்ளி திருப்பிக் கேட்கவும் இல்லை.

வாக்குச்சீட்டு எண்ணிக்கையை நான் மேசையில் உட்கார்ந்து பார்த்தவன். ஆசிரியர்களுக்கு அந்தப் பணி தவறாமல் வரும். வாசகசாலை உறுப்பினர்களில் ஆசிரியர்கள் நிறைய என்பதால், நம்மில் பலருக்கு இது தெரிந்த கதைதான்; இளையவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

பெட்டியின் முத்திரையை முகவர்களுக்குக் காட்டிவிட்டு உடைப்போம். சீட்டுகளை மேசையில் கவிழ்த்து, முகம் பார்க்காமல் முதலில் எண்ணிக்கையை மட்டும் சரிபார்ப்போம்: அந்தச் சாவடியில் எத்தனை சீட்டு கொடுத்தார்கள், எத்தனை வந்திருக்கிறது. பிறகு எல்லாச் சாவடிச் சீட்டுகளையும் கட்டுக் கட்டாகப் பெரிய பீப்பாயில் போட்டுக் கலக்குவார்கள். எந்தத் தெரு யாருக்குப் போட்டது என்று வெளியே தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக வந்த ஏற்பாடு இது. கலந்த கட்டுகள் மேசைகளுக்குப் பிரிந்து வரும். ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஓர் அறை வைத்த மரத்தட்டில், சீட்டை விரித்து முத்திரையைப் பார்த்துப் பார்த்துப் போட வேண்டும். கம்பி வலைக்கு அந்தப்புறம் முகவர்கள் மூக்கை வலையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒரு சீட்டைக் கொஞ்சம் வேகமாகப் போட்டால், "சார், அதத் திருப்பிக் காட்டுங்க" என்று குரல் வரும்.

செல்லாத ஓட்டுதான் பெரிய சச்சரவு. இரண்டு சின்னத்துக்கு நடுக்கோட்டில் குத்தியது, இரண்டிலும் குத்தியது, பெருவிரலைப் பதித்தது, கையெழுத்துப் போட்டது. மடிக்கும்போது மை மறுபக்கத்தில் படிந்து இரண்டு முத்திரை போலத் தெரிவதும் உண்டு. அம்புக்குறி வைத்த குறுக்கு முத்திரையை அதற்காகவே அமைத்திருக்கிறார்கள்: மடிப்பில் படிந்த நிழலில் அம்புகள் எதிர்த்திசையில் சுழலும், எது வாக்காளர் குத்தியது, எது மடிப்பில் படிந்தது என்று கண்டுபிடித்துவிடலாம். யாரோ ஒருவர் உட்கார்ந்து, எழுதப் படிக்கத் தெரியாத ஒரு மூதாட்டியின் ஓட்டு மை ஈரத்தால் வீணாகக் கூடாது என்று யோசித்திருக்கிறார். அந்த முத்திரையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த முகம் தெரியாத மனிதர்மேல் பெரிய மதிப்பு வரும்.

வேலை ராத்திரியைத் தாண்டும். விடியும். சில தொகுதிகளில் மறுநாளும் போகும். 1996-இல் மொடக்குறிச்சியில், பாசனக் குறைகளைச் சொல்வதற்காக விவசாயிகள் கூட்டமாக மனு தாக்கல் செய்ததில் 1,033 பேர் களத்தில் நின்றார்கள். வாக்குச்சீட்டு புத்தகம் ஆனது. தேர்தலையே தள்ளிவைத்து நடத்தினார்கள். 88 பேருக்கு ஒரு ஓட்டுகூட விழவில்லை. அதன்பிறகு பேரவை வேட்பாளருக்கான டெபாசிட் 250 ரூபாயிலிருந்து 5,000 ரூபாய் ஆனது. அந்த எண்ணிக்கையில் உட்கார்ந்தவர்களை நினைத்தால் இப்போதும் எனக்குக் கை வலிக்கிறது.

எழுபதுகளையும் எண்பதுகளையும் வேகமாகக் கடந்துவிடுகிறேன். 1971-இல் தி.மு.க. 184, 1977-இல் அ.தி.மு.க. 130, 1984-இல் எம்.ஜி.ஆர். அமெரிக்காவில் சிகிச்சையில் இருந்தபடியே ஆண்டிபட்டியில் வென்றார். பலகையின் வேலை மாறவில்லை. கையடக்க டிரான்சிஸ்டர் வந்ததால் ரேடியோவைச் சுற்றி நின்ற கூட்டம் சிறு சிறு வட்டங்களாகப் பிரிந்தது, அவ்வளவுதான். பலகைக்கு வந்து சரிபார்த்துக்கொள்ளும் பழக்கம் தொடர்ந்தது. 1991-இல் தி.மு.க. கூட்டத்துக்குப் பலகையில் எழுத இரண்டே பெயர் இருந்தது. கலைஞர் துறைமுகத்தில் 890 வாக்குகளில் வென்றார். 1996-இல் அ.தி.மு.க.வுக்கு நான்கு இடம். பர்கூரில் ஜெயலலிதா 8,366 வாக்குகளில் தோற்றார். முதல் தேர்தலில் பலகைக்கு முதுகைக் காட்டி நின்றவர்கள் அடுத்த தேர்தலில் முன்வரிசைக்கு வந்தார்கள். ஐந்தாண்டு பொறுத்தால் நமக்கும் நாள் வரும் என்ற நம்பிக்கையை ஊர் கண்ணால் கற்றுக்கொண்ட இடம் அது.

அதே 1996-தான் தொலைக்காட்சியின் தேர்தலும். அதற்கு முன்பு தூர்தர்ஷனில் தேர்தல் முடிவு என்றால் நடுநடுவே சினிமா போடுவார்கள். படத்தை நிறுத்திவிட்டு முடிவு சொல்வார்கள். 1993-இல் சன் டிவி வந்துவிட்டதால், 1996 மே மாதத்தில் கேபிள் இணைப்பு உள்ள வீடுகளில் தமிழிலேயே தொடர்ச்சியாக முடிவுகள் ஓடின. வாசகசாலை முன்னால் நின்ற கூட்டம் பாதியானது. இதைக் குறையாக மட்டும் சொல்ல எனக்கு மனம் இல்லை. பலகைக்கு முன்னால் ராத்திரி இரண்டு மணிக்கு நின்றவர்கள் எல்லாரும் ஆண்கள். பெண்கள் ஜன்னலில் நின்று ஒலிபெருக்கியைக் கேட்டார்கள், அல்லது காலையில் வீட்டுக்காரர் சொல்லத் தெரிந்துகொண்டார்கள். தொலைக்காட்சி வந்த பிறகு என் தமக்கை எந்தத் தொகுதியில் யார் எத்தனை வித்தியாசத்தில் வென்றார் என்று எங்களுக்குச் சொல்லத் தொடங்கினார். ஊரில் பாதிப்பேரைத் தெருவுக்கு வரவிடாத ஒரு கொண்டாட்டத்தை முழுமையானது என்று சொல்லக் கூடாது.

பிறகு இயந்திரம். 1982-இல் கேரளத்தின் பறவூர் தொகுதியில் 50 சாவடிகளில் முதன்முதலாகப் பயன்படுத்தி, சட்டத்தில் இடமில்லை என்று உச்ச நீதிமன்றம் தடுத்து, பின்னர் சட்டம் திருத்தி, மெல்ல மெல்ல வந்த மின்னணு இயந்திரம் 2001-இல் தமிழ்நாட்டின் 234 தொகுதிகளிலும் வந்தது. இதில் நமக்கு ஒரு தனி உறவு உண்டு. நம் வாசகசாலையில் அதிகம் இரவல் போன எழுத்தாளரான சுஜாதா, பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸில் அந்த இயந்திரத்தின் உருவாக்கத்துக்குத் தலைமை தாங்கியவர். கதை படிக்க வந்த பிள்ளைகளுக்கு இதைச் சொல்லி இயந்திரத்தின் பாகங்களை விளக்கிய மாலைகள் உண்டு.

இயந்திர எண்ணிக்கை இப்படி நடக்கும். காலை எட்டு மணிக்குத் தபால் ஓட்டு தொடங்கும். அரைமணி கழித்து இயந்திரங்கள். ஸ்ட்ராங் ரூமிலிருந்து கட்டுப்பாட்டுக் கருவி மட்டும் மேசைக்கு வரும். அதன் வரிசை எண், சீல்கள் எல்லாம் முகவர்கள் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். முடிவுப் பொத்தானை அழுத்தினால் மொத்த ஓட்டும், ஒவ்வொரு வேட்பாளருக்கும் விழுந்ததும் வரிசையாகத் தோன்றும். வாக்குப்பதிவு முடிந்த அன்று சாவடியில் எழுதிக் கொடுத்த 17சி படிவத்தோடு மொத்தம் ஒத்துப்போக வேண்டும். சில நிமிடங்களில் ஒரு சாவடி முடிந்துவிடுகிறது. வழக்கமாக ஒரு தொகுதிக்கு 14 மேசை. 14 சாவடி முடிந்தால் ஒரு சுற்று. 2019 முதல், தொகுதிக்கு ஐந்து சாவடிகளில் விவிபாட் சீட்டுகளையும் எண்ணி ஒப்பிடுகிறார்கள். செல்லாத ஓட்டு என்ற சச்சரவே இயந்திரத்தில் இல்லாமல் போனது பெரிய நன்மை. ராத்திரி முழுக்க எண்ணியவன் சொல்கிறேன், இயந்திரத்தைக் குறை சொல்ல எனக்கு விருப்பமில்லை.

ஆனாலும் இரண்டு மாற்றங்களைப் பதிவு செய்தாக வேண்டும். இவற்றைப் பற்றி நம் கூட்டங்களில் நிறையப் பேசியிருக்கிறோம்.

ஒன்று, பீப்பாய் போய்விட்டது. சாவடிவாரியாக எண்ணுவதால் எந்தச் சாவடியில் யாருக்கு எத்தனை என்பது முகவர் கையில் இருக்கிறது. பிறகு படிவம் 20 என்ற பெயரில் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி வெளியாகிறது. நம் ஊரைப் போன்ற இடத்தில் சாவடி என்றால் இரண்டு மூன்று தெரு. தெரு என்றால் பல இடங்களில் ஒரு சாதி. "உங்க தெரு நமக்குப் போடலியே" என்று ஜெயித்தவரின் ஆட்கள் சாலை போடும் நேரத்தில் கேட்பதை நாம் அறிவோம். பல இயந்திரங்களின் ஓட்டுகளைச் சேர்த்து மொத்தமாகக் காட்டும் கருவியைப் பயன்படுத்தலாம் என்று தேர்தல் ஆணையம் 2008-இல் பரிந்துரைத்தது. நடைமுறைக்கு வரவில்லை. வர வேண்டும் என்றே நான் விரும்புகிறேன். தனி மனிதனின் ரகசியத்தை இயந்திரம் காக்கிறது. தெருவின் ரகசியத்தை யாரும் காக்கவில்லை.

இரண்டு, முதல் சுற்றின் பொருள் மாறிவிட்டது. கலந்து எண்ணிய காலத்தில் முதலில் எண்ணும் கட்டிலேயே தொகுதியின் எல்லா மூலையும் இருக்கும். குழம்பை நன்றாகக் கிண்டிவிட்டு ஒரு கரண்டி ருசி பார்ப்பது மாதிரி, முதல் சுற்றில் தெரிந்தது பெரும்பாலும் கடைசிவரை நிற்கும். இயந்திரத்தில் சாவடிகளை வரிசை எண்படி எண்ணுகிறார்கள். ஒன்று முதல் பதினான்கு வரை தொகுதியின் ஒரு கோடியில் இருக்கும் சில ஊர்கள். அங்கே ஒருவர் ஆயிரம் ஓட்டு முன்னால் போனால், அவருக்கு அந்தக் கோடியில் செல்வாக்கு என்று பொருள், வேறொன்றும் இல்லை. பத்தாவது சுற்றில் வேறு பக்கம் திறக்கும்போது தலைகீழாகும். அலை திரும்பிவிட்டது என்று தொலைக்காட்சி அலறும். திரும்பியது அலை இல்லை, சாவடி எண். நம் தொகுதியின் சாவடிப் பட்டியலைக் கையில் வைத்திருப்பவர்கள் பதறுவதில்லை. அதனால்தான் எண்ணிக்கை நாளில் அந்தப் பட்டியலையும் பலகைக்குப் பக்கத்தில் ஒட்டி வைக்கிறோம்.

சாவடிகள் பெருகப் பெருகச் சுற்றுகளும் பெருகின. 2021-இல் கூட்டம் சேராமல் இருக்க ஒரு சாவடிக்குச் சுமார் ஆயிரம் வாக்காளர் என்று பிரித்ததில், மாநிலத்தில் 88,900-க்கும் மேற்பட்ட சாவடிகள். தொகுதிக்குச் சராசரியாக 380. பதினான்கு மேசை என்று கணக்கிட்டால் 27 சுற்றுக்கு மேல். ஒவ்வொரு சுற்றும் ஒரு செய்தி. ஒவ்வொரு செய்திக்கும் திரையில் ஒரு வண்ணப் பட்டை, ஒரு விவாதம். 2016-இல் புதிய தலைமுறை, தந்தி என்று முழுநேரச் செய்தி அலைவரிசைகள் பல வந்திருந்தன. ஒரே நேரத்தில் இரண்டு அலைவரிசைகளில் இரண்டு வேறு கணக்கு ஓடியதை நாம் எல்லோரும் பார்த்தோம். வாசகசாலைக்குள் தொலைக்காட்சிப் பெட்டி வைத்தபோது எந்த அலைவரிசை போடுவது என்பதே பிரச்சினையாயிற்று. கட்சிக்கொரு அலைவரிசை, மாற்றச் சொல்லி ஒருவர், மாற்றாதே என்று ஒருவர். ரேடியோவின் முன்னால் இந்தச் சண்டை வந்ததே இல்லை.

அந்தச் சமயத்தில்தான் பலகையில் முன்னிலையையும் எழுத வேண்டும் என்று இளைஞர்கள் கோரினார்கள். நிர்வாகக் குழுவில் நீண்ட விவாதம் நடந்தது. "எல்லாரும் கையில போன் வச்சிருக்காங்க அண்ணாச்சி. நம்ம பலகைல மட்டும் மத்தியானம் வரைக்கும் ஒண்ணும் இல்லாம இருந்தா யாரு வருவா?" என்று ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. பெரியவர்கள் பழைய வழக்கத்தை விடச் சம்மதிக்கவில்லை. கடைசியில் 1967-இல் பள்ளியிலிருந்து வந்த அந்த இரண்டாவது பலகை கைகொடுத்தது. அதில் நம் மாவட்டத் தொகுதிகளின் சுற்று நிலவரம், சுற்று எண்ணோடும் நேரத்தோடும் எழுதுவது; முதல் பலகையில் அறிவித்த முடிவு மட்டும். எத்தனையாவது சுற்று, மொத்தம் எத்தனை சுற்று என்று எழுதாமல் முன்னிலையை எழுதக் கூடாது என்பது அந்தத் தம்பியே சேர்த்த விதி. அதைவிட நல்ல விதியை நாங்கள் பெரியவர்கள் யோசித்திருக்க மாட்டோம்.

பொறுத்திருந்து எழுதும் வழக்கம் எவ்வளவு சரி என்பதை நம் வட்டாரமே இரண்டு முறை காட்டியது. 2016-இல் ராதாபுரத்தில் அ.தி.மு.க.வின் இன்பதுரை தி.மு.க.வின் அப்பாவுவை 49 வாக்குகளில் வென்றதாக அறிவிக்கப்பட்டது. தபால் ஓட்டுகளில் 203 தள்ளுபடியாகியிருந்தன. அவற்றில் சான்றொப்பமிட்ட தலைமை ஆசிரியர் கெசட்டட் அலுவலர்தானா என்பது கேள்வி. தேர்தல் பணிக்குப் போன ஆசிரியர்களின் ஓட்டுக்கு வந்த கதி அது என்பதால் எங்களுக்கு மிகவும் வலித்தது. உயர் நீதிமன்ற உத்தரவின்படி அந்தத் தபால் ஓட்டுகளும் கடைசி மூன்று சுற்றுகளும் 2019 அக்டோபரில் நீதிமன்ற வளாகத்திலேயே மறுபடி எண்ணப்பட்டன. முடிவை அறிவிக்க உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. அதற்குள் பேரவையின் காலமே முடிந்து 2021 தேர்தல் வந்துவிட்டது. அதில் அப்பாவு அதே தொகுதியில் வென்று பேரவைத் தலைவரானார்.

தென்காசியில் 2021-இல் காங்கிரசின் பழனி நாடார் 370 வாக்குகளில் வென்றார். வழக்கு நடந்தது, 2023 ஜூலையில் தபால் ஓட்டுகளை மறுபடி எண்ணினார்கள், வெற்றி மாறவில்லை. இரண்டு தொகுதியிலும் இயந்திரத்தில் விழுந்த லட்சத்துக்கு மேற்பட்ட ஓட்டுகளைப் பற்றிப் பெரிய தகராறு இல்லை. உறைக்குள் வந்த காகிதங்கள்தான் ஆண்டுக்கணக்கில் நீதிமன்றத்தில் கிடந்தன. திரையில் காலை எட்டரைக்கு "தபால் வாக்குகளில் முன்னிலை" என்று ஓடி மறைந்துவிடும் வரிக்கு அவ்வளவு கனம் உண்டு.

2021 மே 2 ஞாயிற்றுக்கிழமை. ஏப்ரல் 6-இல் ஓட்டுப் போட்டுவிட்டு ஏறக்குறைய ஒரு மாதம் காத்திருந்த எண்ணிக்கை அது. கொரோனா இரண்டாம் அலை. ஞாயிறு முழு ஊரடங்கு. எண்ணும் மையத்துக்குள் போக முகவர்கள் பரிசோதனைச் சான்றோ இரண்டு தடுப்பூசிச் சான்றோ காட்ட வேண்டும். வெற்றி ஊர்வலத்துக்குத் தடை. தொடங்கிய நாள் முதல் எண்ணிக்கை நாளில் வாசகசாலை பூட்டிக் கிடந்தது அன்று ஒரு நாள்தான். தி.மு.க. 133, அ.தி.மு.க. 66 என்று அவரவர் வீட்டில், அவரவர் போனில் தெரிந்துகொண்டோம். தியாகராய நகரில் 137 ஓட்டில் ஒருவர் ஜெயித்தார், ஆத்தூரில் இ. பெரியசாமி 1,35,571 ஓட்டில் ஜெயித்தார். இவற்றைச் சொல்லி வியக்கப் பக்கத்தில் ஆளில்லை. அன்றைய எங்கள் வாட்ஸ்அப் குழுவில் வாழ்த்தும் வசையும் மாறி மாறி வந்தன. பலகைக்கு முன்னால் ஒருவரை ஒருவர் பார்த்து நின்றிருந்தால் அதில் பாதி வார்த்தைகள் வாயை விட்டு வந்திருக்காது. ஊரடங்கு தளர்ந்து வாசகசாலை திறந்ததும் நம் மாவட்டத்து முடிவுகளைப் பலகையில் எழுதினோம். எல்லோருக்கும் தெரிந்த செய்திதான். நின்று படித்தார்கள்.

பலகையை அழிக்கும் முன் முடிவுகளைத் தேர்தல் நோட்டில் படியெடுத்து வைப்பது நம் வழக்கம். நோட்டுகள் உதவிக் கண்காணிப்பாளர் மேசையின் இரண்டாவது இழுப்பறையில் இருக்கின்றன. 1957 நோட்டு முழுதாகக் கிடைக்கவில்லை. 1971 நோட்டில் சில பக்கங்களைச் செல் அரித்துவிட்டது. 2001 முதல் நம் தொகுதிக்கான படிவம் 20-ஐயும் அச்செடுத்துச் சேர்த்து வருகிறோம். பழைய நாளிதழ்களின் தேர்தல் பக்கங்களை வீட்டில் வைத்திருக்கும் அன்பர்கள் கொடுத்தால் படியெடுத்துக்கொண்டு மூலத்தைத் திருப்பித் தந்துவிடுவோம். 2026 தேர்தலுக்காக இரண்டு பலகைகளுக்கும் கரி பூசி வைத்தாயிற்று. எழுத முன்வருகிறவர்கள் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம். இந்த முறை பெண் உறுப்பினர்களையும் முறைப்பட்டியலில் சேர்ப்பதென்று குழு தீர்மானித்திருக்கிறது. முதல் முறையை என் தமக்கையின் பேத்தி கேட்டு வாங்கியிருக்கிறாள்.